கோபேயிலிருந்து வந்த நெருப்பு

கரிசல் சீமையும் கீழ்த்திசைக் கடலும் – பன்னிரண்டாம் பகுதி

சென்ற பகுதியில் பருத்திப் பொதியோடு கப்பலேறிக் கோபே துறைமுகம் வரையில் நாம் பிரயாணம் செய்தோம். 1893-ஆம் ஆண்டில் ஜம்ஷெட்ஜி டாட்டாவின் ஒத்துழைப்போடு நிப்பான் யூசென் கைஷா என்னும் ஜப்பானியக் கப்பல் ஸ்தாபனம் பம்பாய்க்கும் கோபேக்கும் இடையே நேர்வழிப் போக்குவரத்தைத் தொடங்கியதையும், 1933-இல் அன்றைய இந்திய சர்க்கார் பிரிட்டிஷ் அல்லாத துணிகளின்மேல் நூற்றுக்கு 75 வீதம் தீர்வை விதித்தபோது ஜப்பானிய ஆலைக்காரர்கள் நம் பருத்தியை வாங்க மறுத்ததையும், மறு வருஷத்தில் பத்து லட்சம் பேல் பருத்திக்கு முப்பத்திரண்டரைக் கோடி கஜம் துணி என்று இரு தரப்பாரும் ஒப்பந்தம் செய்துகொண்டதையும் கண்டோம். பருத்தி போயிற்று, துணி வந்தது, கணக்கு நேராயிற்று. ஆனால் அந்த வியாபாரத்தால் கரிசல் குடியானவனின் கைக்குப் புதிதாக ஒரு வித்தையும் வந்து சேரவில்லை. இந்தப் பகுதியில் நான் சொல்லப் புகுவது, பண்டமாக நம் கடைத்தெருவுக்கு வந்து, பின்னர் தொழிலாகவே நம் மண்ணில் தங்கிவிட்ட ஒன்றைப் பற்றி. அது தீப்பெட்டி.

இந்த வரலாற்றை இப்போது எழுதத் தூண்டியது ஒரு பத்திரிகைச் செய்தி. 2025 ஆகஸ்டு மாதத்தில் யோகோஹாமா நகரில் ஜப்பானியரும் ஆப்பிரிக்க தேசங்களின் தலைவர்களும் ஒன்பதாம் முறையாகக் கூடி, இனி உதவிப் பணத்தைக் காட்டிலும் தனியார் மூலதனமே ஆப்பிரிக்காவின் அபிவிருத்திக்குத் துணையாக வேண்டும் என்று பேசினார்கள். எங்கள் ஊரான புதியம்புத்தூரின் தேநீர்க் கடை ஒன்றில் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் அடுப்பைப் பற்றவைக்கக் கிழித்த தீக்குச்சியின்மேல் என் கண் சென்றது. ஜப்பானியத் தொழில் நுட்பம் ஓர் ஏழைச் சீமைக்கு எந்த வழியில் வந்து சேரும், வந்த பின் யாருக்குச் சொந்தமாகும், அதற்கு யார் விலை கொடுப்பார்கள் என்னும் கேள்விகளுக்கு நூறு ஆண்டு அநுபவத்திலிருந்து விடை சொல்லத் தக்க சீமை நம்முடையது என்று அப்போது தோன்றிற்று.

முதலில் ஜப்பானுக்குப் போவோம். பிரான்ஸ் தேசத்தில் கல்வி கற்றுத் திரும்பிய சிமிசு மகோத்தோ என்னும் சாமுராய்க் குலத்தவர் 1875-இல் டோக்கியோவில் தீக்குச்சி செய்து பார்த்து, மறு ஆண்டில் ஷின்சுயிஷா என்ற பெயரால் ஒரு தொழிற்சாலையை ஏற்படுத்தினார். பழைய ஆட்சி மறைந்ததால் ஜீவனம் இழந்து நின்ற சாமுராய்க் குடும்பங்களுக்கும் இந்தத் தொழில் ஓரளவு ஆதாரமாயிற்று. ஆனால் டோக்கியோவில் பிறந்த தொழில் வேரூன்றித் தழைத்த இடம் கோபேயும் ஓசாகாவுமே. அதன் காரணம் நம்மவர் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. உள்நாட்டுக் கடலை ஒட்டிய அந்தப் பிரதேசத்தில் ஜப்பானின் மற்றப் பகுதிகளைவிட மழை குறைவு. நனைத்த குச்சியும் முக்கி எடுத்த மருந்தும் வெயிலில் காய வேண்டும். அருகில் துறைமுகம் வேண்டும். குறைந்த கூலிக்கு உழைக்க ஏழை ஜனங்கள் வேண்டும். இம்மூன்றும் அங்கே கூடின. கோபேயில் குடியிருந்த சீன வியாபாரிகள் அந்தப் பெட்டிகளை ஷாங்காய்க்கும் தென்திசைக்கும் ஏற்றுமதி செய்ய, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன், அமெரிக்கா ஆகிய இரண்டோடும் சரிக்குச் சரியாக ஜப்பான் தீப்பெட்டித் தொழிலில் நின்றது. இந்தியச் சந்தைக்கென்று அவர்கள் செய்த பெட்டிகளில் நம் தெய்வங்களின் உருவங்களையே அச்சிட்டு அனுப்பினார்கள். கோபேயில் பிறந்த லக்ஷ்மியும் கிருஷ்ணனும் நம் கிராமத்து மாடக்குழிகளில் விளக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் உலக யுத்தம் வந்தது. சுவீடன் பெட்டி கடல் தாண்டி வருவது நின்றது. இந்தியாவின் அடுப்புகளில் பெரும்பாலானவை ஜப்பானியக் குச்சியால் எரிந்தன. அதற்கு முன்பே, சுமார் 1910-ஆம் ஆண்டு முதல், கல்கத்தாவில் குடியேறிய சில ஜப்பானியக் குடும்பத்தார் கையால் இயக்கும் எளிய சாதனங்களைக் கொண்டு அங்கேயே தீப்பெட்டி செய்யலாயினர் என்றும், அவர்களிடம் வேலை பார்த்த வங்காளிகள் அதைக் கற்றுக்கொண்டு தாங்களும் சிறு பட்டறைகள் வைத்தனர் என்றும் இத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இன்னொரு புறத்தில், யோகேந்திர சந்திர கோஷ் 1904-இல் கல்கத்தாவில் நிறுவிய விஞ்ஞான கைத்தொழில் கல்விச் சங்கம், வங்க இளைஞர்களுக்குப் பொருளுதவி செய்து ஜப்பானுக்கும் மற்ற தேசங்களுக்கும் தொழில் பயில அனுப்பிற்று. ஜப்பானியன் இங்கே வந்து கற்பித்ததும், நம்மவன் அங்கே போய்க் கற்றதும் ஒரே நகரத்தில் ஒரே காலத்தில் நடந்தன. அந்த நகரத்தின் சந்துகளில் தீப்பெட்டி வித்தை ஒரு பொதுச் சொத்தைப் போல் உலவிற்று.

1922-இல் சர்க்கார் அந்நியத் தீப்பெட்டியின்மேல் குரோஸ் ஒன்றுக்கு, அதாவது நூற்று நாற்பத்து நான்கு பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் தீர்வை போட்டது. பெட்டிக்கு இரண்டு தம்படி. வருமானத்துக்காகப் போட்ட வரியே அது. எனினும் தம்படிக் கணக்கில் நடக்கும் வியாபாரத்தில் இரண்டு தம்படி என்பது மதிலுக்கு ஒப்பானது. மதிலுக்கு உட்புறம் வந்துவிட வேண்டும் என்று ஜப்பானியரும் சுவீடன்காரரும் முடிவு செய்தனர். ஜப்பானியர் தங்கள் வழக்கப்படி, குச்சியையும் பெட்டிக்கான மரத்தகட்டையும் கடல்வழியே கொண்டுவந்து கல்கத்தாவில் சிறு சாலைகளில் சேர்த்து முடித்தார்கள். சுவீடன்காரர் செய்ததைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர், பிழைப்புக்கு வழி தேடி ரயிலேறிக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பெரிய மூலதனக்காரர்கள் அல்லர். பாஷை தெரியாத நகரத்தில் எட்டு மாத காலம் இருந்து, குச்சியை அடுக்குவது, மெழுகில் நனைப்பது, மருந்தைக் கூட்டுவது, பெட்டியை மடிப்பது ஆகிய ஒவ்வொன்றையும் கண்ணாலும் கையாலும் கற்றுக்கொண்டு திரும்பி, 1923-இல் தங்கள் ஊரிலேயே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பணத்தைக் கொண்டுவரவில்லை, கைப்பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கரிசலுக்குள் ஜப்பானியன் ஒருவனும் வரவில்லை. ஜப்பானிய மூலதனம் ஒரு யென்கூட வரவில்லை. வந்தது அந்த வித்தை ஒன்றே. பயின்றவரிடம் பயின்றவர் வழியாக அது இங்கே வந்து சேர்ந்தது.

வந்த வித்தைக்குக் கரிசல் சீமை காத்துக் கிடந்தாற்போல் இருந்தது. வானம் பார்த்த பூமி இது. ஐப்பசி கார்த்திகையில் மழை கண்டால் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும். காணாவிட்டால் வெடித்த நிலமும் வற்றிய கம்மாயும். கோவில்பட்டியில் மானாவாரி விவசாய ஆராய்ச்சிக்காக 1901-இலேயே சர்க்கார் ஒரு பண்ணை வைத்தது என்றால், இங்கே பயிர் செய்வோரின் துயரம் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பயிரைக் கொல்லும் அதே வெயில் தீக்குச்சிக்கு உயிர் கொடுத்தது. மருந்தில் முக்கி எடுத்த குச்சி முற்றத்தில் காய்ந்தது; ஒட்டிய பெட்டி திண்ணையில் காய்ந்தது; மழைக்கு அஞ்சி மூடிவைக்க வேண்டிய நாள் வருஷத்தில் சொற்பம். கோபேக் கரையின் வறண்ட காற்றும் கரிசல் காட்டின் வறண்ட காற்றும் ஒரே காரியத்துக்கு உதவின. சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை என்று தொழில் பரவியது. ஜனங்கள் அதைத் தொழிற்சாலை என்று அழைக்கவில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றே அழைத்தார்கள். வெயிலில் களையெடுத்துப் பழகியவர்களுக்கு நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் ஆபீஸ் வேலையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

அந்த ஆபீஸுக்குள் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். கேரளத்து மலைகளிலிருந்து வரும் மென்மரத்தைச் சீவிக் குச்சியாக்குவர். பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டங்களில் பள்ளத்துக்கு ஒரு குச்சியாக வைத்து, சட்டத்தின்மேல் சட்டம் ஏற்றி இறுக்குவதற்குக் 'கட்டை அடுக்குதல்' என்று பெயர். விரல் பார்க்காமலே குச்சியைப் பொறுக்கும். கண் வேறெங்கோ இருக்கும். வாய் ஊர்க்கதை பேசும். அடுக்கிய கட்டையின் முனைகளை முதலில் மெழுகில் தொட்டு, பிறகு பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வஜ்ஜிரமும் சேர்ந்த குழம்பில் முக்கி எடுப்பர். மருந்து முக்குபவரின் மணிக்கட்டுக்கு ஒரு நிதானம் வேண்டும், ஒரு முனை ஆழமாகவும் ஒரு முனை மேலாகவும் போனால் அந்தக் கட்டை வீண். அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டுகிற வேலை ஆபீஸை விட்டு வீடுகளுக்குப் போயிற்று. என் தாய்வழி உறவினர் வீட்டில், அந்தி விளக்கு ஏற்றிய பின் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மைதாப் பசை தொட்டுத் தொட்டுப் பெட்டி ஒட்டிய காட்சியும், மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை குரோஸ் குரோஸாக எண்ணி வாங்கிய காட்சியும் இன்றும் என் மனத்தைவிட்டு நீங்கவில்லை. கடைசியில் பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரம் கலந்த பக்கமருந்தைப் பூசுவர். குச்சியில் ஒரு பாதி மருந்தும் பெட்டியில் மறு பாதியும் இருப்பதாலேயே இதற்குப் பாதுகாப்புத் தீக்குச்சி என்று பெயர். உரசும் போதன்றி இரண்டும் கூடுவதில்லை. பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் சிவகாசிக்கு வந்தது; மருந்தின் குணம் தெரிந்துவிட்டதால் பட்டாசு வந்தது. அந்த ஊரை நேரு குட்டி ஜப்பான் என்று வர்ணித்ததாகச் சொல்வர். வர்ணனையில் அவர் எண்ணியிராத ஒரு வம்சாவளியே அடங்கியிருக்கிறது.

இனி சுவீடன்காரர். ஐவார் க்ரூகரின் சுவீடிஷ் தீப்பெட்டி ஸ்தாபனம் உலகத்தின் தீப்பெட்டி முழுவதையும் தன் ஆதிக்கத்தில் கொண்டுவர முயன்ற காலம் அது. 1923-இல் அவர்கள் மேற்கிந்தியத் தீப்பெட்டிக் கம்பெனி, அதாவது விம்கோ, என்னும் பெயரால் இங்கே இறங்கி, பம்பாய்க்கு அருகே அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னைத் திருவொற்றியூர் முதலிய இடங்களில் பெரும் யந்திர ஆலைகளை எழுப்பினார்கள். அவர்களது பெட்டி ஒழுங்கானது, விலையும் தாழ்வானது, சிறு பட்டறைகளை விழுங்கக்கூடியது. சர்க்காரின் தீர்வைச் சபை 1926 முதல் 1928 வரையில் இதை விசாரித்தது. அதன் பின் உள்நாட்டுத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது; 1934-இல் உற்பத்தி வரி வந்து பெட்டிதோறும் பாண்டரோல் என்னும் வரிச்சீட்டு ஒட்டப்பட்டது; சுதந்திரத்துக்குப் பின் சிறு தொழிலுக்கு வரி குறைத்து வைக்கப்பட்டது. சுவீடன் ஆலை தன் வித்தையை மதிலுக்குள் பூட்டி வைத்தது. கல்கத்தாச் சந்தில் கற்ற வித்தை மதிலில்லாமல் திண்ணை திண்ணையாகப் பரவியது. 2005-இல் சுவீடன்காரர் விம்கோவில் தமக்கிருந்த பங்கை இந்தியக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டு வெளியேறினர். திருவொற்றியூரில் விம்கோ நகர் என்ற பெயர் இருக்கிறது. கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் தொழில் இருக்கிறது.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லி நிறுத்திவிட என் மனம் இடம் தரவில்லை. ஜப்பானிய சர்க்காரின் விவசாய வர்த்தக இலாகா 1903-இல் வெளியிட்ட தொழிலாளர் நிலை பற்றிய பெரிய அறிக்கையிலேயே, தீப்பெட்டிச் சாலைகளில் சிறு குழந்தைகள் வேலை செய்த செய்தி பதிவாகியிருக்கிறது. குச்சி அடுக்கச் சின்ன விரல்கள் வசதியானவை என்னும் கொடிய உண்மையைக் கோபே, ஓசாகா முதலாளிகளும் கண்டிருந்தார்கள். அந்த உண்மையும் வித்தையோடு சேர்ந்து கடல் கடந்து வந்துவிட்டது. பொழுது விடியுமுன் கிராமங்களின் நாற்சந்தியில் வண்டி வந்து நின்று, தூக்கம் கலையாத பெண் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனதைக் கரிசலில் கண்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். 1986-இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடமும் சத்துணவும் யந்திரமும் சேர்ந்து மெல்ல மெல்ல அந்தக் கொடுமையை ஒழித்தன. ஒழிவதற்குள் இரண்டு தலைமுறைப் பெண்கள் எழுத்தறியாமலே வளர்ந்து தாய்மாராகிவிட்டார்கள். அவர்களுக்கு இந்தத் தொழில் பட்டிருக்கும் கடனை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதி வைக்கவில்லை.

இந்த அநுபவத்தோடு ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். தொடக்கத்தில் சொன்ன யோகோஹாமாக் கூட்டம், டிகாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் டோக்கியோ மகாநாட்டின் வரிசையில் வந்தது. அம்மகாநாடு 1993-இல் முதன்முதலாகக் கூடியது. பனிப்போர் முடிந்து, மேல்நாடுகள் ஆப்பிரிக்காவின்மேல் வைத்திருந்த அக்கறை தளர்ந்திருந்த வேளை அது. 2013-க்குப் பின் அதன் பேச்சு உதவியிலிருந்து முதலீட்டுக்குத் திரும்பியது. 2016-இல் முதல் தடவையாக ஆப்பிரிக்க மண்ணிலேயே, நைரோபியில், கூடியபோது அரசும் தனியாரும் சேர்ந்து மூன்று ஆண்டுகளில் 3,000 கோடி டாலர் என்று ஜப்பானியப் பிரதமர் அபே வாக்களித்தார். 2022-இல் துனீசில் அதே தொகை மறுபடியும் சொல்லப்பட்டது. 2017-இல் காந்திநகரில் இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து ஆசிய-ஆப்பிரிக்க வளர்ச்சிப் பாதை என்று ஒரு திட்டத்தை முன்வைத்ததும் உண்டு. அது காகிதத்தைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை.

தொகைகளை நான் பெரிதாகக் கருதவில்லை. என் மனத்தைக் கவர்ந்தது தான்சானியாவின் அரூஷா நகரம். சுமித்தோமோ கெமிக்கல் என்னும் ஜப்பானிய ஸ்தாபனம், பூச்சிமருந்தை நூலுக்குள்ளேயே கலந்து, துவைத்தாலும் வீரியம் குன்றாத கொசுவலையைக் கண்டுபிடித்தது. 2001-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை அங்கீகரித்தது. மலேரியாவால் குழந்தைகளை அதிகமாக இழக்கும் கண்டத்துக்கு ஜப்பானிலிருந்து வலையை ஏற்றுமதி செய்து லாபம் காண்பதற்குப் பதிலாக, அரூஷாவில் இந்திய வம்சாவளியினர் நடத்தும் 'ஏ டு இசட்' என்ற துணி ஆலைக்கு, உரிமைத் தொகை ஏதும் வாங்காமல் அந்த நுட்பத்தைக் கற்பித்தார்கள். 2003-இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. சில வருஷங்களில் இரு தரப்பாரும் கூட்டாக ஒரு கம்பெனியும் ஏற்படுத்தினர். ஏழாயிரம் பேர் வரையில், பெரும்பாலோர் பெண்கள், வேலை பெற்றனர். கல்கத்தாச் சந்தில் தற்செயலாக நடந்தது அரூஷாவில் தெரிந்தே நடந்தது. ஒரு வேற்றுமையும் உண்டு. நம் கதையில் கற்பித்தவனுக்கும் நமக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஆதலால் விலகிப் போவதற்கும் ஒன்றும் இல்லை. உலக நிதிகள் பணம் கொடுத்து வலை வாங்கும் வரையில்தான் அரூஷாவின் தறிகள் ஓடும் என்பது அங்குள்ளோருக்குத் தெரியும்.

யோகேந்திர சந்திர கோஷின் சங்கத்தை நினைவூட்டும் ஏற்பாடும் ஒன்று இருக்கிறது. 2013-இல் அறிவித்தபடி, ஆப்பிரிக்க இளைஞர் ஆயிரம் பேரை ஐந்து ஆண்டுகளில் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்கு வரவழைத்து, படிப்பு முடிந்ததும் அங்குள்ள கம்பெனிகளில் பழக வைத்தார்கள். மாறாக, மொசாம்பிக்கின் வட பகுதியில் 2009 முதல் ஜப்பானும் பிரேசிலும் சேர்ந்து திட்டமிட்ட புரோசவானா என்னும் பெரும் விவசாயத் திட்டத்தைப் பாருங்கள். பரந்த நிலம், பெரும் மூலதனம், ஏற்றுமதிப் பயிர் என்று வரைபடத்தில் எல்லாம் அழகாகவே இருந்தது. அந்த நிலத்தை உழுதுகொண்டிருந்த குடியானவர்களிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், எதிர்த்து நின்றார்கள். 2020-இல் திட்டம் கைவிடப்பட்டது. கரிசல் குடியானவனுக்கு அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினால், மொழிபெயர்ப்பு இல்லாமலே அவனுக்குப் பாதி விளங்கிவிடும்.

எங்கள் புதியம்புத்தூரிலும் ஜப்பான் இருக்கிறது. குட்டித் திருப்பூர் என்று பெயர் வாங்கிய ஊர் இது. தெருவுக்குத் தெரு ஆயத்த ஆடை தைக்கிற பட்டறைகள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இரவும் பகலும் யந்திரச் சத்தம் ஓயாது. அந்த யந்திரங்களில் பலவற்றின் நெற்றியில் ஜூக்கி என்ற பெயர் எழுதியிருக்கும். 1938-இல் டோக்கியோப் பட்டறைக்காரர் பலர் கூடிப் பணம் போட்டு, போர்த்தளவாடம் செய்யவென்று தொடங்கிய ஸ்தாபனம் அது. யுத்தம் தோற்று முடிந்த பின் தையல் யந்திரத்துக்குத் திரும்பியது. ஒரு ஜூக்கியைக் கடன் வாங்கிப் போட்டு, பிறகு இரண்டாக்கி, பத்தாக்கியவர்கள் எங்கள் ஊரில் பலர். மெக்கானிக் ஜப்பானிலிருந்து வர வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். எந்தத் திருகு எங்கே தளரும் என்று அவருக்குக் கையே சொல்லும்.

தீப்பெட்டித் தொழிலிலும் கட்டை அடுக்கும் கைகள் இன்று அருகிவிட்டன. ஒரு பக்கம் மரம் போட்டு மறு பக்கம் பெட்டி எடுக்கும் முழு யந்திர ஆலைகள் கோவில்பட்டியைச் சுற்றி ஓடுகின்றன. சீனத்து மலிவு லைட்டர் வந்து உள்நாட்டுச் சந்தையைக் குலைத்தபோது தொழிலதிபர்கள் முறையிட்டு, 2023-இல் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதிக்குத் தடை பெற்றார்கள். ஆனால் வெளிநாட்டுச் சந்தை ஒன்று அவர்களைக் கைவிடாமல் இருக்கிறது. அது ஆப்பிரிக்கா. கோவில்பட்டி, சாத்தூர்ப் பெட்டிகள் பெட்டகங்களில் அடைபட்டு, எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறுகின்றன.

கீழை ஆப்பிரிக்காவின் பெருந்துறை மொம்பாசா. அங்கே பெட்டகங்களை இறக்குவதற்கென்று எழுந்த புதிய துறைமேடைக்கு 2007-இல் ஜப்பான் கடன் கொடுக்கக் கையெழுத்திட்டது. 2016-இல் அதன் முதற்கட்டம் திறக்கப்பட்டது. கென்யாவின் மக்கள் அந்தக் கடனை இனிப் பல ஆண்டுகள் கட்ட வேண்டும். கரிசலிலிருந்து அந்தத் திக்கில் போகும் ஒரு பெட்டகம் அந்த மேடையில் இறங்கி, லாரியேறி, உள்நாட்டில் மின்சாரம் எட்டாத ஏதோ ஒரு சிற்றூரின் கடைக்குப் போய்ச் சேரலாம். அங்கே ஒரு தாய் மாலைக்கு அடுப்பு மூட்டப் பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுப்பாள். அவள் கையில் எரிவது கோபேக் கரையில் காய்ந்து, கல்கத்தாச் சந்தில் கைமாறி, எங்கள் வெயிலில் வளர்ந்த நெருப்பு.

தூத்துக்குடித் துறைமுகத்தின் கதையையும், ஒட்டப்பிடாரத்தில் பிறந்து அந்தத் துறையிலிருந்து சுதேசிக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளையின் காலத்தில் ஜப்பானைப் பற்றி நம்மவர் கொண்டிருந்த எண்ணங்களையும் அடுத்த பகுதியில் காண்போம்.